காலுக்குள் ஒரு குன்றிமணி

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று பெரியோர்கள் சொல்லிப் போனார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சிரசையும் அதன் கீழுள்ள சகல அங்கங்களையும் விடியற்காலையிலிருந்து படுக்கப் போகும் வரையில் சுமந்து திரிவது எது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வீட்டில் ஒருவருக்குத் தலைவலி என்றால், சுக்கு அரைத்துப் பற்றுப் போட ஒருவரும், காப்பி கலக்க ஒருவருமாக எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். கால்வலி என்றாலோ, "நாள் முழுவதும் நின்றாய் அல்லவா? வலிக்காமல் என்ன செய்யும்?" என்ற ஒரே வார்த்தையில் விசாரணை முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு சரியானதே. அது சரியாக இராத ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசித்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது ஸ்ரீபெரும்புதூர். 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம். ஒரு ரகஸ்யப் பொருளைக் கேட்டறிவதற்காக அம்மகான் ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு 18 முறை நடந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. கால்களின் பெருமையை அந்த ஊர் அறியாததன்று. இன்று அதே ஊரைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் பரந்து கிடக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியின் மோட்டார் வண்டிகள் 1998-இல் வெளிவரத் தொடங்கின. 2006-இல் நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலை வேலையைத் தொடங்கி, 2014-இல் மூடப்பட்டது. ஒன்று மூடினாலும் பல திறந்தன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைபேசி என்று அங்கே உற்பத்தியாகும் பொருள்களுக்குக் குறைவில்லை. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதிகளில் மட்டும் 18,720 பேர் தங்குவதற்கு இடம் உண்டு.

இவ்வளவு பேருக்கும் பொதுவான விஷயங்கள் இரண்டு. ஒன்று, பெரும்பாலோர் இளம் வயதினர். என்போன்ற பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டச் செய்து அனுப்பிவைத்த பிள்ளைகள். மற்றொன்று, அவர்களில் மிகப் பலர் சிமெண்டுத் தரையில், கனத்த பாதுகாப்பு ஜோடுகளை அணிந்துகொண்டு, ஷிப்டு முடியும் வரையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள். ஆகவே, கால்வலி என்பது அங்கே செய்தியே அல்ல. அதுதான் ஆபத்து. எல்லோருக்கும் உள்ள வலியின் கூட்டத்தில் ஒருவனுக்கு மட்டும் உள்ள வலி மறைந்துகொள்கிறது.

அந்த ஒருவனுடைய வலிக்குக் காரணமாக இருக்கக்கூடியது ஓர் எலும்புக் கட்டி. 'கட்டி' என்றதும் நேயர்கள் திடுக்கிட வேண்டாம். இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. தேகத்தின் வேறு பாகங்களுக்குப் பரவுவதும் இல்லை. இதற்கு வைத்தியர்கள் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் வாழ்ந்த ஹென்றி ஜாபே என்ற நிபுணர் 1935-இல் இதனைத் தனி வியாதியாகப் பிரித்துக் காட்டினார். அதற்கு முன்னெல்லாம் எலும்பில் சீழ் பிடித்திருக்கிறதென்றோ, அழற்சி என்றோ எண்ணிவந்தார்கள். கட்டியின் மையப் பகுதி பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்படுவதில்லை. பல சமயம் ஒரு குன்றிமணி அளவுதான். லத்தீன் மொழியில் அதற்கு வைத்தியர்கள் இட்ட பெயருக்கு 'கூடு' என்று அர்த்தம். கூட்டைச் சுற்றிலும் எலும்பு தடித்து இறுகி ஒரு சுவர்போல் நிற்கும்.

பெரும்பாலும் இது ஐந்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் வருகிறது. ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்கு வராது என்பதில்லை. தொடை எலும்பிலும் முழங்காலுக்குக் கீழ் எலும்பிலும் வருவதே வழக்கம். பாதத்தில் வருவது அபூர்வம். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் இருக்கின்றன அல்லவா? அவற்றுள் இது அதிகமாகக் குடிபுகுவது கணுக்காலின் நடுவிலிருக்கும் எலும்பில். காலின் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் மத்தியில் அமர்ந்து, உடம்பின் பாரம் முழுவதையும் வாங்கிப் பாதத்துக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அந்த எலும்புதான். அதன் மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இதைப் பின்னால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குன்றிமணி அளவுள்ள ஒரு பொருள் ஓர் ஆளை ஏன் இப்படி ஆட்டிவைக்கிறது? கூட்டுக்குள் இருக்கும் உயிரணுக்கள் புராஸ்டாகிளாண்டின் என்ற ஒரு ரசத்தை ஏராளமாகச் சுரக்கின்றன. வலி நரம்புகளைக் கிளறிவிடுவது அதன் குணம். அந்தக் கூட்டினுள்ளேயே நரம்பு இழைகளும் ஓடுகின்றன. வீட்டுக்குள்ளேயே விறகும் நெருப்பும் சேர்ந்திருப்பது போலத்தான். ஆஸ்பிரின் மாத்திரை இந்த ரசம் சுரப்பதைத் தடுக்கிறது என்பதை 1971-இல் இங்கிலாந்தில் ஜான் வேன் என்பவர் கண்டுபிடித்தார்; அதற்காக 1982-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். ஆஸ்பிரினும் அந்த இனத்து மாத்திரைகளும் உள்ளே போன அரை மணி நேரத்துக்குள் இந்த வலி மாயமாய் மறைந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. மாத்திரையின் சக்தி தீர்ந்ததும் வலி மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதிலிருந்து இந்த வியாதியின் அடையாளம் நமக்குக் கிடைக்கிறது. நின்று களைத்த கால், படுத்தால் ஆறும். குதிகாலின் அடித்தசை நார் நொந்தவனுக்குக் காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் வலி கடுமையாக இருக்கும். சற்று நடந்தால் குறையும். ஓயாத உழைப்பினால் எலும்பில் மயிரிழை போல் வெடிப்புக் கண்டவனுக்குப் பாரம் வைக்க வைக்க வலிக்கும். ஓய்வு கொடுத்தால் தணியும். இந்தக் கட்டியின் போக்கோ நேர்மாறானது. உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் அது வலிக்கும். ஓய்ந்து படுத்தவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பும். ஒரே இடத்தில் வலிக்கும். விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் அந்த இடத்தையே காட்டுவான். வாரங்கள் மாதங்களாகியும் போகாது. மெதுவாக ஏறிக்கொண்டே வரும்.

வைத்திய நூல்களில் இதை 'இரவு வலி' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரகடத்துத் தொழிலாளியின் விஷயத்தில் இந்த வார்த்தை ஏமாற்றிவிடும். ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு என்று வாழ்கிறவனுக்கு இரவு ஏது, பகல் ஏது? "ராத்திரியில் வலிக்கிறதா?" என்று வைத்தியர் கேட்டால், "ராத்திரியெல்லாம் நின்றுகொண்டிருந்தேன், வலித்தது" என்று அவன் உண்மையையே சொல்லுவான், வைத்தியரும் சோர்வு என்றே எண்ணுவார். ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "வேலை இல்லாத நாளில், படுத்திருக்கும்போது, தூக்கத்தைக் கெடுக்கும்படி வலிக்கிறதா?" அதனுடன் இன்னொரு கேள்வி: "மாத்திரை போட்டால் உடனே போய்விடுகிறதா?" இரண்டுக்கும் 'ஆம்' என்ற பதில் வந்தால், ஜோடு மாற்றுவதையும் எண்ணெய் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டு எலும்பு வைத்தியரிடம் போக வேண்டும். இந்தக் கட்டிதான் என்று அதனால் முடிவாகிவிடாது; எலும்பில் சீழ் பிடித்தாலும், வேறு கொடிய வியாதிகள் வந்தாலும் ஓய்விலும் வலிப்பது உண்டு. அவற்றுக்கும் உடனே வைத்தியரிடம் போக வேண்டியதுதானே?

நிற்க. வைத்தியரிடம் போனவுடன் காரியம் கைகூடிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. முதலில் எக்ஸ்-ரே படம் எடுப்பார்கள். தொடை எலும்பில் இந்தக் கட்டி இருந்தால், அதைச் சுற்றித் தடித்த எலும்புச் சுவர் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கணுக்கால் எலும்பிலோ, மேலே சொன்னபடி பெரும்பகுதி மூட்டுக்குள் இருப்பதால், அந்தச் சுவர் சரியாக எழும்புவதில்லை. பல எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாகவும் படத்தில் விழுகின்றன. "எலும்பில் ஒன்றும் இல்லை" என்று சீட்டு வந்துவிடுகிறது. மூட்டும் வீங்கியிருந்தால் மூட்டுவாதம் என்று நினைக்கலாம். நமது தேசத்தில் எலும்புக் காசநோய் என்ற சந்தேகமும் எழுவது இயற்கை. எம்.ஆர்.ஐ. படத்திலும், எலும்பைச் சுற்றியுள்ள வீக்கம் பெரிதாகத் தெரிந்து, நடுவிலிருக்கும் சின்னக் கூடு கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

இதனிடையே அந்தப் பையனின் நிலை என்ன? படத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அவன் நொண்டுகிறான். மேஸ்திரி அதைச் சாக்கு என்கிறார். வீட்டில் வேலைக்குச் சோம்பல் என்கிறார்கள். ஒப்பந்த வேலைக்காரனாக இருந்தால், வலியை வெளியில் சொன்னால் அடுத்த மாதம் கூப்பிடமாட்டார்களோ என்ற பயம் வேறு. மருந்துக் கடையில் அட்டை அட்டையாக மாத்திரை வாங்கி விழுங்குகிறான். அது வலியை அடக்குகிறது. அடக்குவதனாலேயே வியாதியை மறைக்கிறது. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் ரத்தப் போக்கும் ஏற்படலாம், சிறுநீரகமும் கெடலாம். வியாதி செய்யாத தீமையை மாத்திரை செய்துவிடுகிறது.

கூட்டைத் தெளிவாகக் காட்டுவது சி.டி. ஸ்கேன். சந்தேகப்பட்ட இடத்தை மாத்திரம் குறிவைத்து, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு படமாக, பலாச்சுளையை மெல்லியதாக அரிவதுபோல் எலும்பை அரிந்து காட்டச் செய்தால், கறுத்த சிறு வட்டமும் சில சமயம் அதன் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளியுமாகக் கூடு அகப்பட்டுவிடும். எக்ஸ்-ரே பார்க்க முடியாததை எக்ஸ் கிரணத்தைக் கொண்டே பார்க்கும் இந்த யந்திரத்தில் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்குப் படம் எடுத்தார்கள். அதைச் செய்த ஹௌன்ஸ்பீல்டும், கணித வழியைக் காட்டிய கார்மாக்கும் 1979-இல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போவது நன்றியாகாது. கோபாலசமுத்திரம் நாராயணன் ராமச்சந்திரன் என்ற விஞ்ஞானி, சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். பல திசைகளிலிருந்து எடுத்த நிழல்களைக் கூட்டி உள்ளே இருக்கும் உருவத்தைத் திரும்ப அமைப்பதற்கு எளிதான ஒரு கணித முறையை அவரும் லட்சுமிநாராயணனும் அதே 1971-இல் வெளியிட்டார்கள். 'ராம்-லாக்' என்று அவ்விருவருடைய பெயரையும் சுருக்கி அந்த முறையை உலகமெங்கும் இன்றும் அழைக்கிறார்கள். அதற்கு முன்பே, 1954-இல், அவரும் கோபிநாத் கர்த்தாவும் சென்னையில் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை ஆராய்ந்து, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு அது என்று கண்டு சொன்னார்கள். எலும்பில் சுண்ணாம்பு ஏறுவதற்கு முன் இருக்கும் இளம் பொருள் பெரும்பாலும் அந்தக் கொலாஜன்தான். நாம் பேசும் கட்டியின் கூட்டில் நிறைந்திருப்பதும் அதுவே. கட்டியின் சரக்கு இன்னதென்று விளக்கியவரும், அதைக் கண்டுபிடிக்கும் யந்திரத்துக்குக் கணக்குச் சொன்னவரும் ஒரே மனிதர். அவர் உழைத்த சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே ஒரு மணி நேர மோட்டார்ப் பிரயாணந்தான். அப்படியிருக்க, அங்கே ஒரு பையன் காரணம் தெரியாமல் வருஷக் கணக்கில் நொண்டினால், குறை விஞ்ஞானத்தில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததில் இருக்கிறது.

கட்டியைக் கண்டுகொண்டபின் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, பொறுத்திருத்தல். சில வருஷங்களில் இது தானே அடங்கிவிடுவதும் உண்டு. வைத்தியரின் கண்காணிப்பில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கலாம். ஆனால் அத்தனை வருஷம் மாத்திரையைத் தாங்கும் வயிறும், வலியைத் தாங்கும் உத்தியோகமும் எத்தனை பேருக்கு உண்டு?

இரண்டாவது, ரணசிகிச்சை. எலும்பைத் திறந்து கூட்டைச் சுரண்டியோ வெட்டியோ எடுத்துவிடுவது. நெடுங்காலம் இதுவே வழியாக இருந்தது. கூடு முழுவதும் வந்துவிட்டால் வலி அன்றே போய்விடும். சிறிது தங்கிவிட்டால் திரும்பவும் வரும். பாரம் தாங்கும் எலும்பில் பள்ளம் விழுவதால் சில வாரங்கள் காலை ஊன்றாமல் இருக்கவும் நேரும்.

மூன்றாவதே இக்காலத்தில் பெரிதும் கையாளப்படுவது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர் ரோஸந்தாலும் அவருடைய சகாக்களும் 1992-இல் இதை வெளியிட்டார்கள். நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, சி.டி. ஸ்கேனின் வழிகாட்டுதலைக் கொண்டு, ஒரு மெல்லிய ஊசியைக் கூட்டின் நடுவில் செலுத்துகிறார்கள். ஊசியின் நுனிக்கு, நம் மத்திய அலை வானொலிக்குச் சற்றுக் கீழே உள்ள அலைவரிசையில் மின்சாரம் பாய்ச்சப்படுகிறது. நுனியைச் சுற்றிச் சுமார் 90 டிகிரி உஷ்ணம் உண்டாகிறது. நான்கு முதல் ஆறு நிமிஷங்களில், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள இடம் வெந்து, கூடு அழிந்துபோகிறது. தோலில் இருப்பது ஊசி நுழைந்த தழும்பு ஒன்றுதான். அநேகர் மறுநாளே வீடு திரும்பி நடக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைவதாக வைத்தியர்களின் அநுபவம் சொல்கிறது. குணமாகாதவர்களுக்கு மறுபடியும் செய்யலாம். பாதத்தில் மட்டும் சற்று அதிக ஜாக்கிரதை தேவை. அங்கே தோலும் நரம்பும் ரத்தக் குழாயும் எலும்பை ஒட்டியே செல்வதால், அவை சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி போகும் பாதை ஆபத்தானது என்று தோன்றினால், கைதேர்ந்த வைத்தியர் கத்தியையே தேர்ந்தெடுப்பார். ஊசியோடு ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பதும் வழக்கம்.

ஒரகடத்துக்குத் தெற்கே, வெகு தூரத்தில் அல்லாமல், செங்கற்பட்டு இருக்கிறது. அங்கே உள்ள குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு 1940-களின் பிற்பகுதியில் பால் பிராண்டு என்ற ரணசிகிச்சை நிபுணர் வந்தார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் அவர். வேலூர் வைத்தியக் கல்லூரியில் பணியாற்றியவர். நோயாளிகளின் பாதங்கள் புண்ணாகி அழிவது, சதை கெட்டதனால் அன்று, வலி தெரியாமற் போனதனால்தான் என்பதைப் பிற்காலத்தில் அவர் உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். முள் தைத்தாலும் ஜோடு கடித்தாலும் அறிய முடியாத கால், தன்னைத்தானே தேய்த்துத் தீர்த்துக்கொள்ளும். வலி என்பது தண்டனையன்று, தூதன் என்ற பாடத்தைத் தொண்டைமண்டலத்துப் பாதங்களே கற்றுக்கொடுத்தன. தூதனை வாயிலிலேயே மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டால், அவன் கொண்டுவந்த செய்தி என்ன என்று எப்படித் தெரியும்?

செய்தியைக் கேட்க வசதியும் வேண்டும் அல்லவா? சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், தொழிலாளர்களின் நோய்க்கால உதவிக்காக இ.எஸ்.ஐ. சட்டத்தைச் செய்துகொண்ட தேசம் நம்முடையது. 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் நேரு அவர்கள் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதில் சேர்ந்த தொழிலாளிக்குச் சிகிச்சை உண்டு; உரிய காலம் சந்தா செலுத்தியிருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதியும் உண்டு. சென்னை கே. கே. நகரில் அதன் பெரிய ஆஸ்பத்திரியும் வைத்தியக் கல்லூரியும் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவரும் இதற்கு உரியவரே. ஆனால் 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வேலை பழகும் பிள்ளைகள் இதற்குள் வரமாட்டார்கள். இந்தக் கட்டி வரும் வயதும் வேலை பழகும் வயதும் ஒன்றாக இருப்பதுதான் விசித்திரம். அவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். போவதற்கு அவர்களுக்கு ஒரு நாள் விடுமுறையாவது கிடைக்க வேண்டும்.

தொழிற்சாலை நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வைத்திய அறையில் மாத்திரை வாங்கிச் செல்கிறவர்களின் பெயர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்குமே, அதை மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரே ஆள், ஒரே கால், மூன்று மாதம் என்று எங்கேயாவது தென்பட்டால், அவனைக் கூப்பிட்டு மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து மகனோ மகளோ விடுமுறைக்கு வந்து, வேலையே இல்லாத வீட்டில், நடுத் தூக்கத்தில் எழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அதைக் களைப்பு என்று எண்ணி விளக்கை அணைத்துவிடாதீர்கள். எந்த இடத்தில் வலிக்கிறது, எத்தனை நாளாக, எந்த மாத்திரையில் நிற்கிறது என்ற மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்து, எலும்பு வைத்தியரிடம் அனுப்புங்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்தால் அவர் என்ன படம் எடுக்க வேண்டும் என்று யோசிப்பார். 'கட்டி' என்று அவர் சொன்னால் கலங்கவும் வேண்டாம். ஜாதகத்தோடு சேர்த்து அதை மறைத்து வைக்கவும் வேண்டாம். ஆறு நிமிஷத்தில் தீரக்கூடிய ஒன்றுக்காக ஒரு பிள்ளை ஆறு வருஷம் நொண்டும்படி விடுவதுதான் வெட்கப்பட வேண்டிய விஷயம்.